ஓரக்கல்

கொற்றனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. இருக்காதா பின்னே? ஏழு வருஷம் மலையை வெட்டிச் சாலை போட்டவன். வண்டி சரிந்துவிடாதபடி, கீழே இருக்கும் குளத்துப் பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு ஓரக்கல் பதித்திருந்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூல் நுழையாது. அந்தக் கோடையில் சாலை திறந்த பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளையவளான, மலையடிவாரத்துத் துறவி பூதியம்மையிடம் சீடனாய்ச் சேர்ந்தான்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மலையிலிருக்கும் தவளையும் தேரையும் மூன்று நாளைக்குச் சாலையைக் கடந்து முட்டையிடக் குளத்துக்கு இறங்கும். பின்னாலேயே பாம்புகளும் வரும். சாலை வெறும் வண்டித்தடமாக இருந்த காலத்திலிருந்தே அந்த மூன்று நாளும் அம்மை குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு வழியை அடைத்துவிடுவாள்.

அந்த வருஷம் பார்த்து, மழை விழுந்த மறுநாளே அரசர் தேரில் வருவதாகச் செய்தி வந்தது. சாலைக்குக் கொற்றன் பேரையே வைத்துக் கல் நாட்டப் போகிறாராம். கொற்றனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரே ஒரு நாழிகை மூங்கிலை எடுக்கலாமா என்று அம்மையிடம் கெஞ்சினான்.

"நீ போட்ட சாலை. நீயே போய் நில்லு. எடுக்கத் தோணினா எடு," என்றாள் அம்மை.

பேர்க்கல்லுக்குக் குழி தோண்டக் கடப்பாரையோடு போய் நின்றான். முதுகில் ஆணைச் சுமந்தபடி ஒரு பெண் தேரை சாலையைக் கடந்து வந்து ஓரக்கல்லில் முட்டியது. தாவியது, சறுக்கி விழுந்தது. மறுபடி தாவியது. பார்த்தால், கல் நெடுக நூற்றுக்கணக்கில் அப்படியே குவிந்து கிடந்தன. ஒரு சாரைப்பாம்பு அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாய் விழுங்கிக்கொண்டிருந்தது.

தேர் வந்து நின்றது. மூங்கிலை எடுக்கச் சொல்லிக் காவலர்கள் அதட்டினார்கள். கொற்றன் கடப்பாரையை எடுத்தான். முதல் ஓரக்கல்லைப் பெயர்த்தான்.

யாரடா நீ என்று கேட்டார்கள்.

"இந்தச் சாலையைப் போட்டவன். தேர் போக இன்னும் ரெண்டு நாள் ஆகும்," என்றான் நிமிர்ந்து.

பைத்தியம் என்று நினைத்திருப்பார் அரசர். பேர் வெட்டின கல்லோடு தேரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தோலுரிந்த கைகளோடு கொற்றன் அம்மையிடம் வந்தான். தேரைகள் இறங்கப் பதினோரு இடத்தில் கல்லைப் பெயர்த்ததையும், பேர் போனதையும் சொன்னான். பிறகு தயங்கிக் கேட்டான்.

"ஆனாலும் தலை குனிய மாட்டேங்குதே அம்மா. இனிமே அதை என் சாலைன்னு சொல்லிக்கலாமா?"

அம்மை அவன் கையில் மருந்து வைத்துக் கட்டினாள்.

"தாராளமா சொல்லிக்கோ. வேலை இன்னிக்குத்தானே முடிஞ்சிருக்கு."