இளவரசர் ஏன் அழுகிறார்?

ஆனைக்கரை ராஜ்யத்தில் மழை பொய்த்த வருஷம் உண்டு, மாமரம் காய்க்காத வருஷம் உண்டு. யோசனை சொல்ல ஆள் கிடைக்காத வருஷம் மட்டும் கிடையவே கிடையாது.

அந்த ஊர் ராஜா மார்த்தாண்ட பூபதிக்கு மகன் பிறந்து நாற்பது நாள். நாற்பது நாளும் அழுகை. ராணி அலர்மேலுக்குப் பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். தாய்வீடு ஆறு நாள் பயணத்துக்கு அப்பால். பிள்ளையைத் தூக்கினாலும் பயம், கீழே விட்டாலும் பயம். அழுதால் ஏன் அழுகிறான் என்று பயம். அழாவிட்டால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

இது போதாதென்று ஊரே அந்தப்புரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இல்லை. எல்லோரும் நேரிலேயே வந்தார்கள்.

"கழுத்து சுளுக்கி உரம் விழுந்திருக்கு. புடவையில போட்டு உருட்டணும்" என்றார் வைத்தியர்.

"உருட்டவே கூடாது! தூளியை வடக்கே பார்த்துக் கட்டணும்" என்றார் ஜோசியர்.

"குளிருது, போர்த்துங்க" என்றார் மந்திரி.

"புழுங்குது, அவிழ்த்து விடுங்க" என்றார் சேனாதிபதி.

பிள்ளையைப் பாதி போர்த்தி, பாதி அவிழ்த்து, ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள்.

ராஜாவின் அத்தை கோமளத்தம்மாள் மட்டும் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. ராணியைத்தான் பார்த்தாள்.

"பால் பத்தலை."

"பத்துதுங்க அத்தை..."

"பத்துதுன்னா அவன் ஏன் அழறான்? உனக்கு வளர்க்கத் தெரியலைடி. வெள்ளிக்கிழமைக்குள்ள இவன் வாய் மூடலைன்னா, என் தோட்டத்து மாளிகைக்குக் கொண்டுபோய் மூணு வயசு வரைக்கும் நான் வளர்க்கிறேன்."

ராஜாவும் தலையாட்டினார். ராஜாக்களுக்குத் தலை எதற்கு இருக்கிறது? கிரீடம் வைக்க. மிச்ச நேரத்தில் அத்தை சொல்வதற்கெல்லாம் ஆட்ட.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அழுகை நிற்கவில்லை. ராணி விகடகவி சடையாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஐந்து பிள்ளை பெற்றவர்.

"ஐயா, என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஏதாவது சொல்லுங்க."

"மாட்டேன் தாயே. சொல்றதுதான் இங்க வியாதியே."

நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, இங்கே சொல்லப்படும் யோசனை ஒவ்வொன்றும் தங்கம். ஆனால் ஒருவர் சொல்ல, வேறொருவர் செய்ய, எல்லாம் கெட்டுப்போகிறது. சொன்னவரே தம் கையால் செய்ய வேண்டும், பிள்ளை அயர்ந்து தூங்கும்வரை விடக்கூடாது என்று ஓர் ஆணை போடுங்களேன்."

"பிரமாதம்!" ராஜா முத்திரையைக் குத்தினார். படித்துப் பார்த்துவிட்டுக் குத்தும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

முதலில் வைத்தியர். இளவரசரைப் புடவையில் இட்டு ஒரு உருட்டு உருட்டினார். இளவரசர் தம் நன்றியை வைத்தியரின் பட்டு வேட்டி முழுவதும் தெரிவித்தார். மாற்று வேட்டிக்குப் போன வைத்தியர் திரும்பவில்லை.

தூளியை வடக்கே திருப்ப உத்தரத்தில் ஏறிக் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும். ஏணி வந்தது. ஜோசியர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "அடடா, இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம்!"

போர்த்தச் சொன்ன மந்திரி துணியைப் பிரித்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். அவசர ஓலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

சேனாதிபதி மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "எல்லையில் பதற்றம்."

"எந்த எல்லையில்?" என்றார் சடையாண்டி.

"எல்லா எல்லையிலும்!"

கடைசியில் அத்தை மட்டும் அசையாமல் நின்றாள். "சரி, கொடுடி பிள்ளையை. மாளிகையில பதினாறு ஆயா காத்திருக்காங்க."

ராணி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். சடையாண்டி குறுக்கே வந்து குனிந்து கும்பிட்டார். "அம்மணி, வளர்க்கிறேன்னு சொன்னது பதினாறு ஆயாவுமா, தாங்களா?"

"நான்தான்யா சொன்னேன். அதுக்கென்ன?"

"அப்போ தங்கள் கையாலேயே. மூணு வருஷம். துணி மாத்துறது, கால் கழுவுறது, ராத்திரி ஏழு தடவை எழுந்திருக்கிறது. ஆயா விரல் பட்டாலும் ராஜ துரோகம்."

நாற்பது நாளில் முதல் முறையாக அத்தை பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையும் அத்தையைப் பார்த்தான். பிறகு மாடத்துப் புறாக்கள் பறக்கும்படி ஒரு குரல் எடுத்தான்.

"பிள்ளைன்னா அம்மா மடியிலதான் இருக்கணும்" என்றாள் அத்தை. "நான் அன்னிக்கே சொன்னேனே, யார் கேட்டா?" பல்லக்கு ஏறிப் போய்விட்டாள்.

அறை காலி. நாற்பது நாளுக்குப் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை வயிறாரக் குடித்தான், கண் செருகினான். ராணி அவனைத் தூளியில் விட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உறங்கிப் போனாள்.

அப்போது பார்த்து ராஜா உள்ளே வந்தார். "இவ்வளவுதானா! லேசாத் தூளியை ஆட்டினாலே போதும்னு எனக்கு முதல்லயே தோணிச்சு."

அந்தக் குரலில் இளவரசர் சிணுங்கினார்.

சடையாண்டி ஆணை ஓலையை எடுத்துக் காட்டினார். முத்திரையைத் தொட்டுக் காட்டினார். தூளிக் கயிற்றை ராஜாவின் கையில் வைத்தார்.

ராஜா ஆட்டினார். நிறுத்தினால் சிணுங்கல், ஆட்டினால் அமைதி. மூன்று நாழிகை ஆயிற்று. பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருப்பதாகக் காவலன் வந்து சொன்னான். "போரோ சமாதானமோ, மெதுவாப் பேசச் சொல்லு" என்று கிசுகிசுத்தார் ராஜா.

கடைசியில் கெஞ்சினார். "சடையாண்டி, தோள்பட்டை கழன்று விழுது. நீ அஞ்சு பெத்தவன். ஒரு யோசனை சொல்லேன், பத்து கிராமம் தரேன்."

சடையாண்டி இரண்டு கையாலும் தம் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொங்கியது. வாய்விட்டுச் சிரிக்க முடியுமா, அந்த இடத்தில்? தொந்தி மட்டும் குலுங்கியது. கயிறும் கூடவே ஆடியது.