ஒரு டன் கருங்கல்

கிருஷ்ணகிரியில் கல்குவாரி வைத்திருந்த வீரபத்திரன் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் வாய் தானாக மூடிக்கொள்ளும். அவர் புதிதாக வாங்கிய பெரிய பிக்கப் வண்டி, கருங்கல் பாரத்தோடு நடுரோட்டில் அச்சு முறிந்து நின்றது. அதைப் பாரத்தோடு கட்டி இழுத்துவந்து காலையிலேயே ஷோரூம் வாசலில் போட்டார்.

"ஒரு டன் தாங்கும்னு சொல்லித்தானே வித்தீங்க? நானும் ஒரு டன்தான் ஏத்தினேன். வாரண்டி இருக்குல்ல, புது வண்டி கொடுங்க."

எடை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "என் வார்த்தைய நம்பலையா?" என்று சீறினார்.

வண்டியை விற்றவள் அஞ்சுகம். வேலைக்குப் புதியவள். "புது வண்டி கொடுக்க வேண்டி வந்தா உன் வேலை போயிடும்மா" என்று மேனேஜர் காதில் சொன்னார். அவள் கல் பாரத்தைப் பார்த்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"உங்க வார்த்தைய நம்புறோம் சார். ஷோரூமுக்குப் பின்னால சுவர் கட்ட எங்களுக்கும் கல்லு வேணும். இதை இங்கேயே இறக்கிடுங்க. ஒரு டன்னுக்கு உண்டான விலையை இப்பவே கொடுத்துடறோம்."

"நல்லா இருக்கும்மா நியாயம். மூணு டன் கல்லை ஒரு டன் விலைக்குக் கொடுக்க நான் என்ன ஏமாளியா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வண்டி பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி, ரிப்பேருக்கு என்ன ஆகும்னு பாருங்க" என்றார், குரல் இறங்கி.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காத அஞ்சுகம், அன்று தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.