டோல்கரோட ஒரு வாய்த் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. உன்னை மாதிரியேதான். பேரு டோல்கர். சிரிக்காதடி, போர்வையை இழுத்துக்கோ. ‘ம்’ சொல்லிக்கிட்டே வரணும், இல்லைன்னா நான் நிறுத்திடுவேன்.

ம்.

அந்த ஊரு எங்க இருக்கு? ரொம்ப வடக்கே, லடாக்குல. எங்க பார்த்தாலும் மலை. மழைன்னு ஒண்ணு பேருக்குத்தான். அப்போ தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க? ஊருக்கு மேல ஒரு பெரிய பனிப்பாறை படுத்திருக்கும். பனி மேல பனி விழுந்து, அமுங்கி அமுங்கி, கெட்டி ஐஸா ஆயிடும். ஆனா சும்மா கிடக்காது. தன் கனம் தனக்கே தாங்காம மெள்ள மெள்ளக் கீழ நகரும். மார்கழியில தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவுத்தா, இதோ வரேன், இதோ வரேன்னு இறங்குமே, அதைவிட மெதுவா. சத்தம் வேற போடும். கிர்ர்ர்... டொக்! கிர்ர்ர்... டொக்!

அதோட நுனி உருகி, விதைக்கிற மாசத்துல ஓடையில சலசலன்னு தண்ணி வரும். அப்புறம் என்னாச்சு, உலகமெல்லாம் கரியும் பெட்ரோலும் எரிச்சு எரிச்சு சூடு ஏறிப்போச்சு. எரிச்சது அவங்க இல்லைடி, பெரும்பாலும் நம்மள மாதிரி ஆளுங்கதான். பனி விழறது குறைஞ்சுது, உருகறது கூடிச்சு. பனிப்பாறை சுருங்கிச் சுருங்கி மலை உச்சியில போய் ஒடுங்கிடுச்சு. உச்சியில குளிர் ஜாஸ்தியா, விதைக்கிற மாசத்துல அது உருகவே இல்லை. தண்ணி வந்தப்போ விதைக்கிற காலமே போயிடுச்சு.

டோல்கரோட புருஷன் நோர்பு. ஒரு நாள் டவுனுக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கிட்டு வந்தான். அந்த ஊர்ல எந்த வீட்டுக்கும் பூட்டே கிடையாது, தெரியுமா? டோல்கர் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"எதுக்கு இது?"

"வர்ற வருஷமும் விதைக்கத் தண்ணி இல்லைன்னா, வீட்டைப் பூட்டிட்டு டவுனுக்குப் போயிடலாம்."

"நான் வர மாட்டேன். பனிக்குக் கல்யாணம் பண்ணி வைப்போம்!"

ம்? பனிக்குக் கல்யாணமா?

ஆமாண்டி. அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். கறுப்பா, கல்லும் மண்ணும் கலந்த ஐஸ் மாப்பிள்ளை. வெள்ளையா, தண்ணி சொட்டுற ஐஸ் பொண்ணு. ரெண்டையும் கூடையில சுமந்து வந்து, ஊருக்குப் பக்கத்துல வெயில் படாத ஒரு பள்ளத்துல சேர்த்து வச்சா, புதுசா ஒரு பனிப்பாறை வளரும்னு நம்பிக்கை. ஆனா வழியில கூடையை இறக்கக் கூடாது. முக்கியமா, பேசவே கூடாது! பேசிட்டா ரெண்டு ஐஸையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து வரணும்.

ரெண்டு பேரும் மலை மேல ஏறி ஐஸை வெட்டி எடுத்தாங்க. நோர்பு மாப்பிள்ளையைத் தூக்கினான். நம்ம வாயாடி பொண்ணைத் தூக்கினா. சரக் சரக்னு நடந்து பாதி வழி வந்தாச்சு. அப்போ எதிர்ல ஒரு ஆட்டுக்காரர் வந்தாரு. "ஜூலே!"ன்னாரு. அந்த ஊர்ல அதுதான் வணக்கம். கேட்டவங்க பதில் சொல்லாமப் போகவே மாட்டாங்க. டோல்கர் வாயிலேர்ந்து பொசுக்குன்னு வந்துடுச்சு, "ஜூலே!" அவ்வளவுதான். தொபுக்! ஐஸ் தரையில.

அப்புறம் மறுபடி போனாங்க. இந்தத் தடவை வாயில துணி கட்டிக்கிட்டா. அப்போ மேலேர்ந்து கடகடகடன்னு ஒரு கல்லு உருண்டு நோர்புவைப் பார்த்து வந்துது. துணியைப் பிச்சு எறிஞ்சுட்டு, "நோர்பு, விலகு!"ன்னு கத்தினா. அவன் விலகிட்டான். ஐஸ் போச்சு.

டோல்கர் உட்கார்ந்து அழுதா. "என் வாயாலதான் எல்லாம் கெட்டுது."

"உன் வாயாலதான் நான் பிழைச்சேன்"னான் நோர்பு. "வா, இன்னொரு தடவை போவோம்." பூட்டு வாங்கினவனே கூப்பிடறான் பாரு!

வானம் கருகருன்னு ஆயிடுச்சு. பனி கொட்ட ஆரம்பிச்சா பாதை மூடிடும், அப்புறம் கல்யாணம் கிடையாது. டோல்கர் ஐஸைத் தூக்குறதுக்கு முன்னாடி ஓடையில குனிஞ்சா. வாய் நிறையத் தண்ணி எடுத்துக்கிட்டா. கன்னம் ரெண்டும் பொம்முனு! இனிமே எப்படிப் பேசுவா?

நடந்தா. பல்லெல்லாம் கூசுது. கிடுகிடுன்னு உடம்பு நடுங்குது. எதிர்ல அதே ஆட்டுக்காரர். "ஜூலே!" டோல்கர் தலையை மட்டும் ஆட்டினா. அந்தக் கன்னத்தைப் பார்த்து அவரு சிரிச்சாரு பாரு, இவளுக்கும் சிரிப்பு முட்டுது. மூக்கு வழியா வந்துடும் போல இருந்துது. அடக்கிக்கிட்டா!

பள்ளம் வந்துது. மாப்பிள்ளையையும் பொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. நடுவுல விரல் நுழையுற இடம். டோல்கர் குனிஞ்சு, வாயில இருந்த தண்ணியை அந்த இடுக்குல விட்டா. பார்க்கப் பார்க்க உறைஞ்சுது. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அப்புறம்தான் வாயைத் திறந்தா. கல்யாண ஜோடிக்கு ஒரு "ஜூலே!" சொன்னா.

ம்...

தூக்கம் வருதா? கொஞ்சம்தான் இருக்கு. வெயில் தாக்காம உமியும் கரியும் போட்டு மூடினாங்க. குளிர்காலம் பூரா ஊரே வந்து ஓடைத் தண்ணியை அதுமேல திருப்பி விட்டுது. ஐஸ் வளர்ந்துது. விதைக்கிற மாசம் சொட்டு சொட்டுன்னு உருகிச்சு. முதல் வருஷம் டோல்கர் வயலோட ஒரு மூலைக்குத்தான் பத்துச்சு. அந்த மூலையில பார்லி முளைச்சுது. அதைப் பார்த்துட்டு நோர்பு, டவுனுக்குப் போகக் கட்டி வச்சிருந்த மூட்டையைப் பிரிச்சுட்டான்.

வருஷம் போகப் போக ஐஸ் பெரிசாச்சு. ஆனா வெறும் ஐஸ்னா கிடக்கும், உசுருள்ள பனின்னாதான் நகரும். நகருதான்னு பார்க்க டோல்கர் அது மேல குறுக்கே நேர் வரிசையாக் கல்லு வச்சா. நடுவுல மட்டும் நோர்புவோட பூட்டை வச்சா. அப்புறம் காத்திருந்தா. பொம்பளைக்கு ஒரு முடி ரெண்டு முடி நரைச்சுடுச்சு.

ஒரு நாள் ரெண்டு பேரும் போய்ப் பார்த்தா, ஓரத்துக் கல்லெல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு. நடுவுல இருந்த பூட்டு மட்டும் ஐஸோட சேர்ந்து கீழ நகர்ந்திருக்கு!

அந்த வாயாடி ஒரு வார்த்தை பேசலை. படுத்து ஐஸ்ல காதை வச்சா. கிர்ர்ர்... டொக்! கேட்டுட்டு அழுதா, சந்தோஷத்துல.

மேல உச்சியில இருக்கிற பெரியது இன்னும் கரையுதுதான். அதை நிறுத்தறது அவங்க கையில மட்டும் இல்லை, நம்ம கையிலயும் இருக்கு. ஆனா வீட்டை மூட வாங்கின பூட்டு, இப்போ பனி மேல உட்கார்ந்து வீட்டைப் பார்த்து வந்துக்கிட்டிருக்கு.

அது நகரட்டும். கதை நின்னாச்சு, வாயை மூடிக்கிட்டுத் தூங்கு.