பிரேக்கில் இருந்த கால்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் ஒரு குரு இருக்கிறார். பெயர் ரிஸ்வானா, வயது முப்பத்து மூன்று, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். சீடருக்கு வயது ஐம்பத்தேழு. பெயர் இசக்கிப்பாண்டி, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.

நான் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். ஒட்டுக்கேட்பது தப்புதான். அதற்காகக் காதைக் கழற்றிக் கல்லாவில் வைக்கவா முடியும்?

குரு, சீடர் என்பதும் நான் வைத்த பட்டம்தான். அவர்கள் ஒருவரை ஒருவர் டீச்சர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இசக்கிப்பாண்டி முதல் நாள் வந்தபோது ஒரு கையில் பழைய கம்ப்யூட்டர், இன்னொரு கையில் ஒரு ஸ்டியரிங் வீல். விளையாட்டு ஆடுவதற்கான வீல். அதிலிருந்து ஒயரும் பெடலும் குடல் மாதிரித் தொங்கின.

"டாக்டர் என்னைய பஸ் ஓட்டக் கூடாதுன்னுட்டார் டீச்சர். இடுப்பு டிஸ்க்கு போயிட்டு. இப்ப நான் ஓட்டுதது இது ஒண்ணுதான். இதுவும் நின்னு போச்சுன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்."

இடுப்பு எப்படிப் போயிற்று என்பதை அவர் யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். டிரைவர் சீட்டின் போல்ட் லூஸாக இருந்திருக்கிறது. முந்தின ஷிப்ட் டிரைவருக்கு அது தெரியும். வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது குறைகளை லாக் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது பஸ் கம்பெனியில் வழக்கம். அந்த ஆள் எழுதவில்லை. மறுநாள் காலை ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது சீட்டு ஒரு பக்கம் போயிற்று, இசக்கிப்பாண்டி இன்னொரு பக்கம் போனார்.

"ஒரு வரி டீச்சர். ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்னா நான் இப்பம் பாபநாசம் ரோட்டுல போய்க்கிட்டிருப்பேன்."

ரிஸ்வானா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். அதிலிருந்த சிஸ்டம் "இந்தக் கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்கிக்கொள்ளவும்" என்று சொல்லிவிட்டு நின்றிருந்தது. வீல் செய்த கம்பெனியும் அந்த மாடலை எப்போதோ கைகழுவியிருந்தது.

"லினக்ஸ்னு வேற ஒரு சிஸ்டம் இருக்கு, அதப் போட்டுத் தாரேன் அண்ணாச்சி. உங்க பஸ் விளையாட்டு அதுலயும் ஓடும்."

"அது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி கெடையாது. உலகம் பூராவும் ஆளுங்க சேந்து செஞ்சது. சில பேருக்குச் சம்பளம் உண்டு, நெறைய பேருக்குக் கெடையாது. யாரும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம்."

இசக்கிப்பாண்டி சந்தேகமாகப் பார்த்தார்.

"சம்பளமில்லாம முகந்தெரியாதவனுக்கு ஒருத்தன் என்னத்துக்குச் செய்யணும்? அவனுக்கு என்ன கெடைக்கும்?"

"மொதல்ல ஓட்டிப் பாருங்க" என்றார் ரிஸ்வானா.

இதுதான் அவருடைய வழக்கம். கேள்வி கேட்டால் வேலை கொடுப்பார்.

விளையாட்டு ஓடியது. அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் மலைப்பாதையும் மழையும் எதிரே வரும் லாரியுமாக, முன்பைவிட நன்றாகவே ஓடியது. எட்டிப் பார்த்த எனக்கே வாய் பிளந்துவிட்டது. ஆனால் இசக்கிப்பாண்டியின் முகம் விழுந்துவிட்டது.

"வீலு சுத்துது டீச்சர். ஆனா கனம் இல்ல."

"கனம்னா?"

"வளைவுல திருப்புனா வீலு நம்மள எதுத்து இழுக்கணும். பள்ளத்துல கை அதிரணும். முன்ன அப்படித்தான் இருந்துச்சு. இது வெறும் சோத்துத்தட்டைத் திருப்புத மாதிரி இருக்கு. இது ஓட்டுதது இல்ல."

இருவரும் இணையத்தில் தேடினார்கள். கேள்வி பதில் பக்கம் ஒன்று கிடைத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், எங்கேயோ இருக்கிற ஒருவர், இதே வீல், இதே லினக்ஸ், இதே குறை. இசக்கிப்பாண்டி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கேள்விக்குக் கீழே கேட்டவரே மறுநாள் எழுதியிருந்தார்: "சரியாகிவிட்டது. நன்றி."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"எப்படிச் சரியாச்சு?"

"எழுதல அண்ணாச்சி."

"வெளங்குவானா இவன்? தண்ணியக் குடிச்சிட்டு வாளியக் கெணத்துக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கானே!" அதற்கு மேல் அவர் சொன்னதை நான் எழுத முடியாது. மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தார்.

ரிஸ்வானா சிரிக்கவில்லை. இசக்கிப்பாண்டி பெயரிலேயே அந்தப் பக்கத்தில் ஒரு கணக்குத் திறந்து, கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பின்லாந்திலிருந்து மிக்கோ என்பவர். "வீலை இடது பக்கம் முழுக்கத் திருப்புங்கள். திரையில் வரும் எண்களை அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார். அனுப்பினார்கள். "வலது பக்கம்" என்றார். அனுப்பினார்கள். இப்படிப் பத்தொன்பது நாள். தினமும் சாயங்காலம் இசக்கிப்பாண்டி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு வந்து பின்லாந்துக்கு எண் அனுப்பிவிட்டுப் போவார். கடைசியில் மிக்கோ ஒரு கோப்பு அனுப்பினார். வீலுக்கும் லினக்ஸுக்கும் நடுவே நின்று பேசும் புரோகிராம், அதற்கும் டிரைவர் என்றுதான் பெயராம். இவர்களுக்காகவே எழுதியது.

"மிக்கோவும் இதே வீலுதான் வச்சிருக்காரா?" என்று கேட்டார் இசக்கிப்பாண்டி.

"இல்ல. அவரு இந்த வீல நேர்ல பாத்ததே இல்லையாம்."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பேப்பரை அடுக்குவதை நிறுத்திவிட்டேன். பார்த்தே இராத ஒரு சாமானுக்கு, பார்த்தே இராத ஒரு மனுஷனுக்காக, பத்தொன்பது நாள். அந்த ஊர்க் குளிரில் எனக்கென்றால் கதவு திறக்கவே மனசு வராது.

"டீச்சர், அவருக்கு இதுல என்னதான் கெடைக்கும்?"

"வீட்டுல போய்ப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி."

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். கையில் பை. திருநெல்வேலிக்காரர் என்பதால் அல்வா என்று நினைத்துவிடாதீர்கள். கைமுறுக்கு. எனக்கும் கொடுத்தார். கண் சிவந்திருந்தது.

"கனம் வந்துட்டு டீச்சர். மொத வளைவுல வீலு என் கையப் பிடிச்சு இழுக்கு. அழுதுட்டேன். வீட்டுக்காரி என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா."

"மிக்கோவுக்கு எழுதிட்டீங்களா?"

"நானே எழுதிட்டேன். இங்கிலீஷ்ல!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அவ்வளவுதான் கதை என்று நானும் நினைத்தேன். இரண்டு மாதம் அவர் சந்துப் பக்கமே வரவில்லை. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவருக்கு மார்க்கெட்டில் என்ன வேலை?

ஒரு சனிக்கிழமை மதியம் ரிஸ்வானா போன் போட்டு வரச் சொன்னார். வந்ததும் திரையைத் திருப்பி வைத்தார். அதே பக்கம். இசக்கிப்பாண்டி எழுதிய வாக்கியம் அங்கே இருந்தது: "வேலை செய்கிறது. நன்றி."

அதற்குக் கீழே சிலி நாட்டிலிருந்து பவுலினா என்ற பெண் எழுதியிருந்தார். ரிஸ்வானா தமிழில் வாசித்தார்.

"என்னிடமும் இதே வீல். மிக்கோவின் கோப்பைப் போட்டேன். கனம் வரவில்லை. நீங்கள் வேறு என்ன செய்தீர்கள்?"

பத்து நாள் கழித்து மறுபடியும் அதே பெண். "தயவுசெய்து சொல்லுங்கள்."

இன்னும் பத்து நாள் கழித்து: "வேலை செய்கிறது என்று எழுதிவிட்டுப் போன நண்பரே, எப்படி என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வலித்ததா?"

இசக்கிப்பாண்டி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"இது எனக்கா எழுதியிருக்கு?"

"மேல இருக்குதது யாரு பேரு அண்ணாச்சி?"

"டீச்சர், சாமி சத்தியமா நான் வேற ஒண்ணும் செய்யல. மிக்கோ சொன்னதத்தான் செஞ்சேன். ஒயர செருகுனேன், வந்துட்டு. இல்லாத ஒண்ண நான் என்னன்னு எழுத?"

"வீலக் கொண்டு வாங்க" என்றார் ரிஸ்வானா.

கொண்டு வந்தார். மேசை விளிம்பில் வீலை முடுக்கி, பெடலைக் கீழே வைத்தார்கள். ரிஸ்வானா தன் கம்ப்யூட்டரில் மிக்கோவின் கோப்பைப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஒயரைச் செருகினார். விளையாட்டைத் திறந்தார். கனம் இல்லை. சோத்துத்தட்டு.

"தள்ளுங்க, நான் செருகுதேன்" என்று இசக்கிப்பாண்டி உட்கார்ந்தார். பிடுங்கிச் செருகினார். வீல் ஒரு தடவை உதறி இறுகியது.

மறுபடி ரிஸ்வானா. வரவில்லை. மறுபடி இசக்கிப்பாண்டி. வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நானும் ஒரு தடவை செருகிப் பார்த்தேன். வரவில்லை.

"ஆளு பாத்து வேல செய்யுதோ?" என்றேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"இன்னொரு தடவ செய்ங்க அண்ணாச்சி. மெதுவா" என்றார் ரிஸ்வானா.

அவர் ஒயரைப் பிடுங்கினார். செருகக் கை நீட்டினார். ரிஸ்வானா கையைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க வலது காலு எங்க இருக்கு?"

இசக்கிப்பாண்டியும் குனிந்து பார்த்தார். கால் பிரேக் பெடல்மேல் இருந்தது. அடிவரைக்கும் மிதித்திருந்தது.

"இது... வண்டிய எடுக்கும்போது பிரேக்குல காலு இருக்கணும்லா" என்றார். யாரோ வேறு ஒருவருடைய காலைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

ரிஸ்வானா உட்கார்ந்து, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு ஒயரைச் செருகினார். வீல் உதறி இறுகியது.

"இது மிக்கோவுக்குத் தெரியாதா?"

"அவர்கிட்ட இந்த வீலு, பெடலு ஒண்ணுமே கெடையாதே. பவுலினாவுக்கும் தெரியாது. இத்தன நாளும் உலகத்துல இது உங்க காலுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கே தெரியாது."

"நான் எழுதுனதப் பாத்து மிக்கோ என்ன நெனச்சிருப்பார்?"

"வேல முடிஞ்சுட்டுன்னு நெனச்சு இந்தக் கேள்விய மூடி வச்சிட்டாரு."

இசக்கிப்பாண்டி எழுந்து என் கடைக்கு வந்தார். நீளமான வெள்ளைத்தாள் ஒன்றும் ஸ்கேலும் கேட்டார். நின்றுகொண்டே கோடு போட்டார். தேதி, வண்டி, குறை, செய்த வேலை என்று நான்கு கட்டம். வண்டி என்ற இடத்தில் வீலின் மாடலை எழுதினார். குறை: கனம் இல்லை. செய்த வேலை: ஒயரைக் கழற்றவும். பிரேக் பெடலை அடிவரை மிதிக்கவும். மிதித்தபடியே செருகவும். வீல் உதறி நின்ற பிறகுதான் காலை எடுக்கவும். முன்னாலேயே எடுத்தால் கனம் வராது.

கடைசி வரியை எழுதுவதற்கு முன் ரிஸ்வானாவின் கடைக்குப் போய் நாலைந்து தடவை செருகிப் பார்த்துவிட்டு வந்தார். கீழே கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷம், பக்கத்தில் டிரைவர் என்றும் எழுதினார்.

நான் ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். ரிஸ்வானா அந்தப் படத்தையும் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் முழு விளக்கத்தையும் போட்டார். "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்பது இசக்கிப்பாண்டி சொல்லிச் சேர்த்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பதில்கள் இருந்தன.

பவுலினா எழுதியிருந்தார்: "வந்துவிட்டது. இதற்கு முந்தின மாடல் வீல் என் சிநேகிதியிடம் இருந்தது, அதிலும் செய்து பார்த்தேன். அதற்கு பிரேக் போதாது, கிளட்சையும் சேர்த்து மிதிக்க வேண்டும். வேறு யாருக்காவது உதவும்."

மிக்கோ இரண்டையும் தன் கோப்பின் குறிப்பில் சேர்த்துவிட்டார். குறிப்பின் அடியில் உதவியவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் இசக்கிப்பாண்டி, திருநெல்வேலி என்று இருந்தது. அந்தப் பெயரைப் பின்லாந்துக்காரர் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். எங்கள் ரேஷன் கார்டில்கூட அப்படி வராது.

இசக்கிப்பாண்டி திரையில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தார். பிறகு பழைய கேள்வி வந்துவிட்டது.

"எல்லாம் சரி டீச்சர். அன்னைக்கே கேட்டேன், நீங்க சொல்லல. என்னைய அவருக்குத் தெரியாது. நானும் அவருக்கு ஒண்ணும் குடுக்கல. பத்தொம்பது நாளு ஒக்காந்து எழுதுனாரே, அந்த மனுசனுக்கு என்ன கெடச்சுது?"

ரிஸ்வானா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"சீட்டு போல்ட்டு லூஸுன்னு அந்த டிரைவர் ஒரு வரி எழுதி வச்சிட்டுப் போயிருந்தா, அவருக்கு என்ன கெடச்சிருக்கும் அண்ணாச்சி?"

இசக்கிப்பாண்டி இடுப்பில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.