நூற்றெண்பத்தாறு படங்களும் ஒரு கபடி ஆட்டமும்

"நீங்க வச்ச செட்டிங்கைத்தான் மேடம் வச்சேன். ஒரு புள்ளி கூட மாத்தல. படம் அத்தனையும் பாழ். என் பொண்ணு ஆறு நாளா என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறா."

வைத்தியலிங்கம் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். முதல் தடவை படியேறி வரும்போது. இரண்டாவது, செருப்பைக் கழற்றும்போது. மூன்றாவது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேஸ் போட வந்தவர் தோரணையில்.

பெனிட்டாவின் வாயில் இட்லி இருந்தது. விழுங்கும் வரைக்குமாவது பொறுக்கக்கூடாதா இந்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினாள்.

பாலக்கரையில் அவளுடைய ஸ்டூடியோ. கீழே பாஸ்போர்ட் படம். மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டோ வகுப்பு. குருவுக்கு வயது முப்பத்தேழு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்காருவார், நோட்டோடு.

அவருக்கு ஒரு வியாதி. திரையில் யார் படத்தைப் போட்டாலும் மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். இவர் எழுந்து போய் மவுஸைப் பிடுங்கி, வலது பக்கம் தட்டி, ப்ராப்பர்ட்டீஸைத் திறப்பார். ஷட்டர் எத்தனை, லென்ஸ் எவ்வளவு திறந்தது, ஐஎஸ்ஓ என்ன, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடி. கேமரா ஒவ்வொரு படத்தோடும் தானே ஒட்டி வைக்கிற சங்கதி அது. அத்தனையையும் கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். படத்தைப் பார்த்தாரா என்றால், சாட்சி சொல்ல யாரும் இல்லை.

பெனிட்டா தமிழில் சொல்லியாயிற்று, இங்கிலீஷில் சொல்லியாயிற்று. இது சமையல் குறிப்பு இல்லை சார் என்று ஒருநாள் கத்தியும் ஆயிற்று. அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

இந்த முறை எடுத்துக்கொண்டு போனது, போன வருஷம் அவள் எடுத்த கபடி படத்தின் விவரம். அவர் மகள் இளவேனில் கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறாள். போன திங்கட்கிழமை, கல்லூரி உள்ளரங்கத்தில் இறுதி ஆட்டம். நோட்டைப் பார்த்து அப்படியே வைத்தாராம்.

"லென்ஸை ரெண்டு புள்ளி எட்டுல வச்சீங்களா?"

"வச்சேன். கேமரா அஞ்சு புள்ளி ஆறுதான்னு நின்னுடுச்சு."

"ஒரு புள்ளி கூட மாத்தலன்னீங்க."

"நான் மாத்தல மேடம். அதுவா மாத்திக்கிச்சு."

பெனிட்டா கண்ணை மூடித் திறந்தாள். அவளுடைய லென்ஸ் அகலமாக வாய் திறக்கும். அவருடையது கேமராவோடு இலவசமாக வந்தது, அதற்கு அந்த வாய் கிடையாது. இதை ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது நோட்டில் ஏறவே இல்லை.

படம் இருட்டாக வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாராம். வெளிச்சம் கூட்ட ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் மணல் மணலாய் வந்தது, ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் ஆட்கள் கலங்கிப் போனார்கள். அணி என்னவோ ஜெயித்துவிட்டது. முழங்கை தோல் உரிந்து, மூச்சு வாங்க, இளவேனில் நேராக அவரிடம்தான் ஓடி வந்தாளாம்.

"அப்பா, பாத்தீங்களான்னா. நான் சொன்னேன், இரும்மா, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர்ல பெருசாப் போட்டுப் பாக்கலாம்னு. போட்டா ஒண்ணும் தேறல. அன்னைக்கு வாயை மூடுனவதான்."

பெனிட்டா தட்டைக் கீழே வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மண்டல ஆட்டம். அப்பா வர வேண்டாம் என்று அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார்.

"சரியான செட்டிங் ஒண்ணு கொடுங்க மேடம். இந்தத் தடவை நல்லா வரும்னு அவகிட்டக் காட்டுறேன். கூட்டிட்டுப் போயிடுவா."

பெனிட்டாவின் நாக்கு நுனியில் நாற்பது வார்த்தைகள் வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டுக் கையை நீட்டினாள்.

"கார்டைக் கொடுங்க."

மெமரி கார்டைச் செருகினாள். படங்கள் சின்னச் சின்னச் சதுரங்களாக வந்து விழுந்தன. ஒரு தட்டுத் தட்டினாள். படங்கள் போய் வெறும் பட்டியல் வந்தது. பெயர், நேரம், எண்கள்.

"படத்தைத் தொறக்கலையே மேடம்."

"உங்க முறையிலேயே பாப்போம் சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் குரு வழிக்கு வந்திருக்கிறார்.

அவள் மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாலு முப்பத்திரண்டு, ஷட்டர் ஆயிரம், ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு. பத்து வினாடி கழித்து ஷட்டர் எண்ணூறு. அடுத்தது அறுநூற்று நாற்பது. மொத்தம் நூற்றெண்பத்தாறு படங்கள். அடுத்தடுத்து இரண்டு ஒன்று போல இல்லை. ஏன் என்று எங்கே நிறுத்திக் கேட்டாலும் அவரிடம் காரணம் இருந்தது. எந்த இடத்தில் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினார், திருப்பியதும் என்ன ஆயிற்று, எல்லாம் மனப்பாடம். முதல் ரேங்க் பையன் தோற்றான்.

"அஞ்சு நாலுக்கு ஒரு படம். அடுத்தது அஞ்சு ஒன்பதுக்கு. நடுவுல ஒண்ணையும் காணோமே சார்."

"மெனுக்குள்ள போயிட்டேன் மேடம். ஐஎஸ்ஓ தானா எதுவரைக்கும் ஏறலாம்னு ஒரு உச்சவரம்பு இருக்கில்ல, அது மூணாவது பக்கத்துல ஒளிஞ்சு கிடந்துச்சு. விடலையே, தேடிப் புடிச்சுட்டேன்."

"ஆட்டம் எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"அஞ்சு எட்டுக்கு விசில். நிமிந்து பாத்தா எல்லாரும் கோர்ட்டுக்குள்ள ஓடுறாங்க. அந்தக் கூட்டம்தான் அஞ்சு ஒன்பது."

"கடைசி ரெய்டு யார் போனது?"

"இளவேனில்தான்."

"எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே."

கீழே யாரோ பாஸ்போர்ட் படத்துக்கு வந்து மணியை அடித்தார்கள். பெனிட்டா எழுந்திருக்கவில்லை. அவர் மடியிலிருந்து நோட்டை எடுத்தாள். எழுதாத பக்கமாகத் திருப்பி, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் உருவி, மேலே அஞ்சு நாலு என்று எழுதினாள். பக்கத்தின் அடியில் அஞ்சு ஒன்பது.

"நடுவுல உள்ளதை நான் எழுதிக்கிறேன் சார். எந்தப் பக்கமா உள்ள போனா, யாரைத் தொட்டா, எத்தனை பேர் புடிச்சாங்க, முழங்கை எங்க தேஞ்சுது, எப்படிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தா. சொல்லுங்க."

வைத்தியலிங்கம் திரையைப் பார்த்தார். அப்புறம் நோட்டைப் பார்த்தார்.

பெனிட்டா பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை.

"அவசரமே இல்லை. மெதுவாவே சொல்லுங்க சார்."