"ஒட்டிக்கோ" என்று சொன்ன வாய்

அந்தக் காலத்தில் அட்டைக்கும் பேசத் தெரியும். குரங்கும் மானும் யானையும் வாய் ஓயாமல் பேசிய காலம், அட்டை மட்டும் ஊமையாகவா இருந்திருக்கும்? நன்றாகவே பேசும். "ஏனுங்க, வாங்க" என்று மரியாதையாகப் பேசும். அதை இன்றைக்கு இப்படி ஆக்கிவிட்டு, "ச்சீ, அட்டை!" என்று காலை உதறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. யார் ஆக்கியது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சாரல்மலை என்று ஒரு மலை. வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும். உச்சியில் ஒரு குகை, குகைக்குள் ஒரு சுனை, சுனைக்கரையில் சாரலம்மன். அப்போதெல்லாம் அவள் கல்லாக உட்கார்ந்திருக்கவில்லை. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை கண் திறந்து, மலையேறி வந்தவர்களின் குறையை நேருக்கு நேர் கேட்பாள். மனிதர்களும் போவார்கள், மிருகங்களும் போகும். பொழுது சாய்ந்து விளக்கு வைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் அடுத்த ஆடிக்குத்தான் திறப்பாள்.

உலகம் உண்டான புதிதில் இன்னாருக்கு இன்ன சாப்பாடு என்று பங்கு வைத்தவளும் அவள்தான். "மேலே வாங்க, தர்றேன்" என்றாள். குரங்கு தாவிப் போய்ப் பழத்தை வாங்கிக்கொண்டது. மான் ஓடிப் போய்ப் புல்லை வாங்கிக்கொண்டது. யானை சாவகாசமாக நடந்து போய் மூங்கில் காடு முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அட்டைக்குக் கால் இல்லையே, அது என்ன செய்யும்? நெளிந்து நெளிந்து பாதி மலை ஏறுவதற்குள் பங்கு முடிந்து எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

அதனால் அட்டைக்குப் பனித்துளிதான் சாப்பாடு. கோடையில் அதுவும் கிடையாது. உடம்பு வற்றி, நூல் துண்டு மாதிரி சருகுக்கு அடியில் கிடக்கும். ஒவ்வோர் ஆடியிலும் மலையேறப் பார்க்கும். பாதி வழியில் திருவிழா முடிந்து, இறங்கி வருகிறவர்களின் காலில் மிதிபட்டு, உருண்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அந்த வருஷம் கோடை ரொம்பக் கடுமை. இந்த ஆடியில் அம்மனைப் பார்த்துச் சாப்பாடு கேட்காவிட்டால், அடுத்த ஆடிக்கு உயிர் இருக்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

இனிக் கூச்சப்பட்டுப் பிரயோசனமில்லை என்று, அடிவாரத்தில் முதல் படியோரமாகப் போய் உடம்பை நிமிர்த்தி நின்றுகொண்டது. வருகிறவர்களை எல்லாம் கேட்டது.

"ஏனுங்க, அம்மன்கிட்ட ஒரு குறை சொல்லோணுங்க. எனக்குக் கால் இல்லீங்க. என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

குரங்கு, "என் வயித்துல குட்டி தொங்கறது உனக்குத் தெரியலையா?" என்று தாவிப் போனது. பால்குடம் எடுத்து வந்த ஒருத்தி, "சுத்தபத்தமாப் போறேன், மேல பட்டுடாதே!" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். இன்னொருவன் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உனக்கும் சேர்த்து நான் வேண்டிக்கறேன், போ" என்றான். என்ன வேண்டிக்கொள்வானாம்? உனக்கு என்ன குறை என்று ஒரு வார்த்தை கேட்டானா அவன்? வேண்டுதலில்கூட ஓசியில் பெரிய மனுஷன் ஆகிறவர்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள்.

அப்போது பம்பைச் சத்தம் கேட்டது. மசக்காளிப் பண்ணாடி வந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணையக்காரர் அவர். உச்சியில் பூசாரி முதல் பரிவட்டம் கட்டுவது அவர் தலைக்குத்தான். உடம்பெல்லாம் மரு அவருக்கு. கழுத்தில், கையில், மூக்கு நுனியில்கூட ஒன்று. மரு உதிர வேண்டும் என்று அம்மனுக்கு உப்பு நேர்ந்துகொண்டு, மூட்டையைத் தானே தலையில் சுமந்து வந்தார். பின்னால் மனைவி நாச்சக்காள். அவர்களைச் சுற்றி ஊரே வந்தது.

அட்டை அவரையும் கேட்டது. பண்ணாடி நின்றார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார்.

"அம்மனைப் பாக்கோணும்னு கேக்கற உசுரை விட்டுட்டுப் போறவனா இந்த மசக்காளி? ஏறி என் கால்ல ஒட்டிக்கோ! அம்மனுக்கு முன்னால நானே இறக்கி உடறேன். இது ஆத்தா மேல சத்தியம்!"

"பண்ணாடி மனசே மனசு!" என்றது கூட்டம். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அட்டை நடுங்கிக்கொண்டே அவர் கணுக்காலில் ஏறி ஒட்டிக்கொண்டது. அப்போது அதற்குப் பல்லெல்லாம் கிடையாது. உதட்டால்தான் பிடித்துக்கொண்டது, அவருக்கு வலிக்கக் கூடாதே என்று மெல்லத்தான் பிடித்தது.

வழி நெடுக அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏனுங்க பண்ணாடி, அம்மன் கண்ணு பெருசாங்க? நான் பேசுனா அவங்களுக்குக் காது கேக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. முதலில் பதில் சொன்னார். ஏற்றம் செங்குத்தாகி, கூட்டம் பின்தங்கியதும், கேட்க ஆள் இல்லாமல் போனதும், "உஸ்ஸு, பேசாம வா" என்றார். 

"பாரமா இருந்தா என் கையில குடுங்க மாமா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்றாள் நாச்சக்காள்.

"நீ எடுத்துட்டுப் போனா நான் சொன்ன சொல்லு என்னாகறது?" என்று அவளை அதட்டினார். சொன்ன சொல்லில் அவ்வளவு அக்கறை, பாருங்கள்!

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வழி திரும்புகிறது. அங்கிருந்து பார்த்தால் குகைவாசல் தெரியும். பூசாரி பரிவட்டத் துணியோடு நின்றிருந்தார். பக்கத்து ஊர்ப் பெரியவர்களும் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார்கள். பண்ணாடி தன் காலைப் பார்த்தார். வழவழவென்று, கறுப்பாக, ஒரு அட்டை. முகம் சுருங்கிவிட்டது.

"இறங்கு" என்றார்.

"அம்மன் வந்துட்டாங்களா?"

"வந்தாச்சு, இறங்கு."

அட்டை எட்டிப் பார்த்தது. "இன்னும் வரலீங்களே. அம்மனுக்கு முன்னால இறக்கி உடறேன்னு சொன்னீங்களே சாமி. இங்க இறக்கி உட்டா, நான் போய்ச் சேர்றதுக்குள்ள விளக்கு வெச்சுருவாங்களே. அடுத்த ஆடி வரைக்கும் எனக்குத் தாங்காதுங்க."

"பரிவட்டம் கட்டறப்ப கால்ல அட்டையோட நிக்கச் சொல்றியா? எறங்குடாங்கறேன்!"

காலை உதறினார். அட்டை விடவில்லை. விட்டால் செத்தோம் என்று அதற்குத் தெரியும், எப்படி விடும்? பண்ணாடி மூட்டையின் வாயை அவிழ்த்தார். அம்மனுக்கு என்று நேர்ந்த உப்பு அது. வீட்டில் யாரும் நாக்கில்கூட வைக்காத உப்பு. அதில் ஒரு கை அள்ளி அட்டையின் மேல் போட்டார்.

ஐயோ, அந்தப் பிஞ்சு உடம்பு துடித்த துடிப்பை என்னவென்று சொல்வேன்! சுருண்டு, நீர் கக்கி, மண்ணில் விழுந்து புரண்டது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் குகைவாசலை நோக்கி நடந்தார். சாமி கும்பிடப் போகிறாராம்!

"அடப் பாவி மனுசா!" என்று நாச்சக்காள் அலறினாள். அட்டையை அள்ளி, பாறையில் வழிந்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாள். கொஞ்சம் உயிர் இருந்தது. ஈரமான முந்தானையில் அதைப் பொதிந்துகொண்டு குகைக்கு ஓடினாள்.

உள்ளே பரிவட்டம் கட்டியாகிவிட்டது. பண்ணாடி உப்பை அம்மன் காலடியில் கொட்டப் போனார்.

"நில்லு" என்றாள் சாரலம்மன். "இதுல ஒரு கை குறையுதே?"

"வர்ற வழியில சிந்திருச்சுங்க தாயே."

"சிந்துச்சா, போட்டியா?"

நாச்சக்காள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முந்தானையை விரித்தாள். "போட்டாருங்க ஆத்தா. யாரு மேல போட்டாருன்னு பாருங்க. அடிவாரத்துல உங்க மேல சத்தியம் பண்ணி, கால்ல ஒட்டிக்கோன்னு கூப்புட்டுட்டு வந்தாரு."

அட்டை தலையைத் தூக்கியது. குரலே வரவில்லை, ஆனாலும் பேசியது.

"பசிக்குதுன்னு சொல்லத்தான் வந்தேன் தாயே. இப்ப மொதல்ல உங்களையே ஒண்ணு கேக்கறேன். சாப்பாடு வாங்க எல்லாரும் மேல வாங்கன்னீங்களே, கால் இல்லாத ஒருத்தன் கீழ கெடக்கறான்னு உங்களுக்குத் தெரியாதா? மலை மேல உக்காந்துட்டா போதுமா? கீழ எறங்கி ஒரு தடவை பாத்திருக்கப் படாதா?"

அம்மன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். அப்புறம் பண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க தாயே" என்றார் அவர். "அட்டைகிட்டப் போய் யாராவது நெசமாச் சொல்லுவாங்களா?"

அம்மனின் கண் சிவந்தது.

"ஒரு பேச்சுக்கா? என் மலையில, என் மேல சத்தியம் பண்ணிச் சொன்னது ஒரு பேச்சுக்கா? பழம் குரங்குக்குன்னு குடுத்தாச்சு, புல்லு மானுக்குன்னு குடுத்தாச்சு. ஒருத்தர் வாயில இருக்கறதைப் புடுங்கி இதுக்குத் தர முடியாது. ஆனா நீ உன் வாயாலயே இதுக்கு ஒண்ணு குடுத்திருக்கே. ஒட்டிக்கோன்னு குடுத்திருக்கே. அதைத் திரும்ப வாங்க உன்னை உடமாட்டேன்." அட்டையைப் பார்த்தாள். "இந்த மலையேறி வர்ற யாரு கால்லயும் ஒட்டிக்கோ சாமி. பல்லு தர்றேன். வயிறு நெறைய மட்டும் ரத்தம் குடி, நெறைஞ்சா நீயா எறங்கிக்கோ. நீ ஏறறது அவங்களுக்குத் தெரியாது, வலிக்காது. எறங்குனப்புறம் ரத்தம் நிக்காம ஒழுகும். அப்பத் தெரியும் அவங்களுக்கு."

"தாயே, இது நியாயமா?" என்று பண்ணாடி கத்தினார். "நான் பண்ணுனதுக்கு, மலையேறி வர்ற பக்தருங்க எல்லாரும் என்ன பண்ணுனாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் அம்மன். "இது அடிவாரத்துல நின்னு கூப்புட்டப்ப, எல்லாரும் என்ன பண்ணுனீங்க?"

பால்குடம் எடுத்தவள் சேலையைச் சரி செய்துகொண்டாள். சேர்த்து வேண்டிக்கொள்கிறேன் என்றவன் தூணுக்குப் பின்னால் போனான். குரங்கு குட்டியை இறுக்கிக்கொண்டது.

பண்ணாடி சளைக்கவில்லை. அவ்வளவும் நடந்த பிறகு, "என் மரு தாயே?" என்று கேட்டார். அந்த முகத்தை என்ன சொல்வது!

"உப்பை வெளிய பாறையில கொட்டு, மழையில கரையட்டும். இதைத் துடிக்க வெச்ச உப்பு எனக்கு உள்ள எறங்காது. மரு உதிரும். ஒரு கை குறையுது பாரு, அதுக்கு மூக்கு நுனியில இருக்கறது மட்டும் நிக்கட்டும்."

நாச்சக்காள் உள்ளங்கையை நீட்டினாள். "பசியோட இருக்கியே, மொதல்ல எங்கிட்டக் குடிச்சுக்கோ கண்ணு."

"வேண்டாங்க தாயி. நீங்க நான் கேக்காமயே என்னைத் தூக்கிட்டு வந்தவங்க" என்றது அட்டை. அவள் கையிலிருந்து இறங்கியது. புதுப் பல்லை ஒரு தடவை நாக்கால் தடவிப் பார்த்தது. "அம்மா, இன்னொண்ணு. இந்தப் பேச்சை நீங்களே திருப்பி எடுத்துக்கங்க. பேசுனா நம்பத் தோணுது. ஒரு பேச்சுக்குச் சொல்றவங்ககிட்டயே பேச்சு இருக்கட்டும், எனக்கு வேண்டாம்."

அதுதான் அது கடைசியாகப் பேசியது. நெளிந்து நெளிந்து, பரிவட்டம் கட்டிய தலையோடு நின்ற மசக்காளியின் கணுக்காலுக்குப் போய், பழைய இடத்திலேயே ஏறி ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. அடிவாரம் வந்து, வேட்டிக் கரை நனைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சாரல்மலையில் இன்றைக்கும் நேர்ந்த உப்பைக் குகைக்குள் கொண்டு போகக் கூடாது. வாசல் பாறையில் கொட்டி, மழையில் கரைய விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் மடியில் ஒரு பொட்டலம் உப்பை ஒளித்துக்கொண்டு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்கு அந்த உப்பு என்று கேட்டுப் பாருங்கள், "அம்மனுக்கு" என்பார்கள். வாய் கூசாது.

அன்று முதல்தான் மலையேறப் போகிற யாரிடமும் அட்டை எதையும் கேட்பதில்லை, கேட்காமலே ஏறிக்கொள்கிறது.