துரைக்கண்ணுவின் நிறம்

ஷமீமாவுக்கு முப்பத்து மூன்று வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த அறவாழிக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

திருச்சி உறையூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஷமீமாவின் ஸ்டூடியோ. அறவாழி தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கி, வந்த கையோடு நல்ல கேமரா ஒன்றும் வாங்கினார். முதல் நாள் மாடி ஏறி வந்து, "உங்களை மேடம்னு கூப்பிடவா, டீச்சர்னு கூப்பிடவா?" என்று கேட்டார்.

"நான் உங்களை அண்ணேன்னுதான் கூப்பிடப்போறேன். நீங்க உங்க இஷ்டம்."

அவர் மேடம் என்றே வைத்துக்கொண்டார்.

படம் எடுப்பதில் அறவாழி சீக்கிரம் தேறினார். ஒருவர் சிரிக்கப் போகிறார் என்பது அவர் விரலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அவருக்கு ஆசை முழுக்க அதற்குப் பிறகு நடக்கும் வேலையில் இருந்தது. கேமராவுக்குள் விழுந்த வெளிச்சத்தை எதுவும் கழிக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறப்பார். பழைய பிலிம் ரோல்களின் நிறத்தைப் போலச் செய்து வைத்த லுக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று எடுத்து, கடைசியில் தனக்கென்று ஒன்றைச் செய்தும் விட்டார். அதைப் போட்டால் இருட்டு சற்று வெளுக்கும். பச்சை பழுத்த இலையாகும். எந்த முகமானாலும் தேன் தடவியது போல மினுங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

"மேடம், எனக்குன்னு ஒரு கலர் வந்துடுச்சு" என்றார் ஒரு நாள் காலை.

ஷமீமா வந்து பார்த்தார். "நல்லாயிருக்கு. எந்தப் படத்துக்கு?"

"எல்லாப் படத்துக்கும்தான்."

ஷமீமா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். அறவாழி விடவில்லை.

"ஒரு சந்தேகம் மேடம். ரா ஃபைலை அப்படியே பாத்தா சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. லுக் போட்டாத்தான் படத்துக்கு உசிரு வருது. அப்ப எது நிஜம்? கேமரா குடுத்ததா, நான் குடுத்ததா?"

"மணப்பாறை கல்யாண ஆல்பம் முடிஞ்சிருச்சா?"

"இன்னிக்கு அனுப்பிடுவேன்."

"அதை அனுப்புங்க மொதல்ல."

மணப்பாறைக் கல்யாணத்தை அறவாழி தனியாகவே போய் எடுத்திருந்தார். பெண்ணின் பெயர் அபிநயா. அவளுடைய அப்பா துரைக்கண்ணு, மாட்டுச் சந்தையில் தரகர். மண்டபம் முழுக்க அவர் குரல்தான் கேட்டது. சம்பந்தி வீட்டார் எடுத்துக் கொடுத்த பட்டுச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கிளிப்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். வாசல் வெயிலில் நின்று, யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்த ஒரு சிரிப்பை அறவாழி பிடித்துவிட்டார். அந்தக் கல்யாணத்திலேயே சிறந்த படம் அது.

ஆல்பம் போய்ச் சேர்ந்த மறுவாரம் அபிநயாவிடமிருந்து போன் வந்தது. துரைக்கண்ணு இறந்துவிட்டார். சந்தைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. பதினாறாம் நாள் படத்திறப்பு. அந்தச் சிரித்த படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர வேண்டும்.

அறவாழி அந்தப் படத்தோடு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தார். தன் லுக்கை இன்னும் நுணுக்கமாகச் சரிசெய்து போட்டார். நல்ல தாளில் அச்சடித்து, தேக்குச் சட்டம் போட்டு, தானே பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அபிநயா படத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எங்கப்பா இல்ல சார்."

"என்னம்மா சொல்றே? கல்யாணத்துல எடுத்ததுதான்."

"தெரியுது. ஆல்பத்துல பாத்தப்ப தோணல. ஆனா எங்கப்பா போயி ஒரு வாரம்தான் சார் ஆகுது. இதுல எப்பவோ செத்துப்போனவரு மாதிரி இருக்காரு." அவள் விரல் கண்ணாடி மேல் நின்றது. "இந்தச் சட்டையும் நான் வாங்கிக் குடுத்தது இல்ல."

வேறு படம் தருகிறேன் என்று மட்டும் அறவாழி சொன்னார். கொண்டுபோன படத்தைத் திரும்ப எடுத்துவரவும் கை எழவில்லை. கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தார்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் கோபம் வந்தது.

"படத்துல ஒரு தப்பும் இல்ல மேடம். நீங்களே பாருங்க."

ஷமீமா பார்த்தார். "ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் ஏன்?"

"நாளைக்கு லேப்டாப்பை எடுத்துக்குங்க. ரெண்டு பேருமா போவோம்."

மறுநாள் முற்பகலில் இருவரும் மணப்பாறையில் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறையில் துரைக்கண்ணுவின் மனைவி அஞ்சலை படுத்திருந்தார். ஷமீமா அபிநயாவிடம், "அந்தச் சட்டை இருக்கா?" என்று கேட்டார்.

"அப்பா துணியெல்லாம் யாருக்காவது குடுத்துடச் சொன்னாங்க. இதை மட்டும் நான் குடுக்கல" என்று சொல்லி அபிநயா போய் எடுத்து வந்தாள்.

ஷமீமா சட்டையை வாங்கி லேப்டாப் பக்கத்தில் விரித்தார். "அண்ணே, ரா ஃபைலைத் திறங்க. லுக் எதுவும் வேண்டாம்."

திரையில் துரைக்கண்ணு வெளிறி, மங்கி, சாம்பல் பூத்துக் கிடந்தார். அபிநயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பயப்படாதம்மா" என்றார் ஷமீமா. "அப்பா எப்படி இருப்பாரு, சொல்லு. சார் கொண்டு வருவாரு."

"எப்படின்னா?"

"நிறம் எப்படி?"

அபிநயா யோசித்தாள். "கறுப்பு. பொறந்த கறுப்பு இல்ல, வெயில்ல நின்னு வந்த கறுப்பு. சந்தையில எப்பவும் தலையில துண்டு கட்டியிருப்பாரு. அதனால நெத்தியில மேல மட்டும் வெளுத்திருக்கும். அம்மா அதைச் சொல்லிக் கேலி பண்ணுவாங்க."

அறவாழி நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தார். மெல்ல வெளிச்சத்தைக் குறைத்தார், நிழலை அழுத்தினார், தேன் மஞ்சளை வழித்து எடுத்தார். துண்டு மறைத்த இடம் ஒரு பட்டையாக மேலே எழுந்து வந்தது. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. அவருடைய லுக் அதன் மேல் தேன் தடவிவிட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கறுப்பு சார்."

நகர்த்தினார்.

"வாய் செவப்பா இருக்கும். வெத்தலை."

நகர்த்தினார். பச்சையைத் தொட்டார். விரித்திருந்த சட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஏற்றினார். கண் கூசும் கிளிப்பச்சை. ஸ்டூடியோவில் யாராவது இப்படி ஒரு பச்சையைப் போட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அபிநயா திடீரென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்."

அவள் திரைக்கு வெகு அருகில் வந்தாள். "ஏப்பா, இந்தச் சட்டையைக் கல்யாணத்துக்குப் போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள். பிறகு சட்டையை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அறவாழி தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஷமீமாவின் பக்கம் குனிந்தார்.

"புரிஞ்சிருச்சு மேடம். என் லுக்கை இப்பவே அழிச்சிடுறேன்."

"பொறுங்க" என்றார் ஷமீமா.

அழுகைச் சத்தம் கேட்டு அஞ்சலை எழுந்து வந்திருந்தார். மகளிடம் போக வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். சுவரில் சாய்ந்திருந்த தேக்குச் சட்டப் படம் அவர் கண்ணில் பட்டிருந்தது. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். தரையில் அதன் எதிரே உட்கார்ந்தார்.

"இதை யாரு எடுத்தது?"

அறவாழி எழுந்து நின்றார். "நான்தாம்மா. அதுல கலர் சரியா வரல. திருப்பி எடுத்துட்டுப் போயிடுறேன்."

"எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

"அம்மா, புதுசா நல்லா பண்ணியிருக்காரும்மா. இங்க வந்து பாரு" என்றாள் அபிநயா.

அஞ்சலை வந்து பார்த்தார். தலையாட்டினார். "உங்கப்பாதான். அச்சு அசலா இருக்காரு." பிறகு பழையபடி போய் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி கல்யாணத் தரகர் கையில இவரு போட்டோ ஒண்ணு குடுத்துவிட்டாங்க" என்றார் யாரையும் பார்க்காமல். "இதே மாதிரிதான் ஒரு கலரு. மாநிறமா, கொஞ்சம் மஞ்சளா. எங்க அக்கா பாத்துட்டு, ஸ்டூடியோக்காரன் சாயம் பூசியிருக்கான்டின்னா. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தலையணைக்கு அடியில வெச்சிருந்தேன். அப்புறம் பெட்டியோட கரையான் அரிச்சிடுச்சு."

அஞ்சலை சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"எத்தனை வருசமாச்சு, அந்த முகம் மறந்தே போச்சுன்னு நெனைச்சேன்."

"அப்ப படத்திறப்புக்கு எதைம்மா வைக்கிறது?" என்று அபிநயா கேட்டாள்.

"சபையில அதை வை. அது உங்கப்பன், ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஆளு." அஞ்சலை சட்டத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இது என் புருசன்."

படத்தோடு அறைக்குள் போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் ஷமீமாவுக்கு இடம் கிடைத்தது. அறவாழி லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியதும் பேச்சை எடுத்தார்.

"மேடம், பொண்ணு சொன்னப்ப என் லுக் பொய்னு நெனைச்சேன். அந்த அம்மா சொன்னதும் அதுவும் நிக்கல."

"ம்."

"ரெண்டுல ஒண்ணுதானே மேடம் நிஜமா இருக்கணும்? அந்த ரெண்டு படத்தையும் பண்ணினவன் நான். எனக்கே சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க, எது துரைக்கண்ணு?"

ஷமீமா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அவரு தம்பி துபாய்லேர்ந்து நாளன்னிக்கு வர்றாராம்ணே. அவருக்கும் ஒரு படம் வேணுமாம், கிளம்பும்போது அபிநயா சொல்லிச்சு. ரா ஃபைலைப் பத்திரமா வைங்க."